படப்பொட்டி போன வழியே: பிரேசில் மலிவுப் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி

அப்பா தொண்டிப் பக்கம் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். மதுரையிலிருந்து பஸ் கூரையில் படப்பொட்டி, அதாவது படச்சுருள் வைத்த பெட்டி, வரும். வராவிட்டால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. நான் தங்கச்சிமடத்தில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். நாலு வருடமாகப் பிரேசிலில் குறைந்த செலவில் எடுத்த மலிவுப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். "நாங்களும் பார்க்கணும், எதில் ஆரம்பிக்க?" என்று கேட்ட கூட்டாளிகளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படத்தை விடுங்கள், ஒரு தெருவைப் பாருங்கள். மேப்பில் சாவ் பாவ்லோ நகரத்து லூஸ் ரயில் நிலையத்தைத் தேடி, பக்கத்தில் ட்ரியுன்ஃபோ தெருவைக் கண்டுபிடியுங்கள். அந்த வட்டாரத்தின் பெயர் போக்கா டூ லிஷோ, குப்பையின் வாய் என்று பொருள். படக் கம்பெனிகள் அங்கே கூடியதற்குக் காரணம் ரயில்தான். பொட்டியை ஸ்டேஷனில் ஏற்றிவிட்டால் உள்ளூர்க் கொட்டகைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தத் தெருவில் சொபெரானோ என்று ஒரு பார். தயாரிப்பாளர், லைட்மேன், வேலை தேடும் நடிகை எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்கள். மதுரை–ராம்நாடு ஏரியாவுக்குப் பொட்டி வந்த கதை தெரிந்தவர்களுக்கு இந்தத் தெரு சட்டென்று புரியும்.

அப்புறம் 1964 என்ற வருடத்தை மனதில் வையுங்கள். நமக்கு அது தனுஷ்கோடி போன வருடம், மறக்காது. அதே வருடம்தான் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, 1985 வரை விடவில்லை. ஜோசே மொஜிக்கா மாரின்ஸ் எடுத்த 'நள்ளிரவில் உன் ஆன்மாவை எடுத்துச் செல்வேன்' வந்ததும் அந்த வருடமே. நீங்கள் பார்க்க வேண்டிய முதல் படம் இது. மாரின்ஸ் தியேட்டர் மேனேஜரின் மகன், படம் ஓடும் இடத்திலேயே வளர்ந்தவர். தன்னைக் கல்லறைக்கு இழுத்துப் போவதாகக் கண்ட கெட்ட கனவிலிருந்து அவருக்கு ஒரு பாத்திரம் கிடைத்தது: ஜே டூ கைஷாவ், சவப்பெட்டி ஜே. கறுப்பு அங்கி, உயரத் தொப்பி, நீண்ட நகம். நடித்ததும் அவரே.

அதில் கத்தோலிக்கர் கறி தொடாத பெரிய வெள்ளி அன்று ஊர்வலம் தெருவில் போக, ஜன்னலோரம் நின்று அவன் ஆட்டுக்கறி தின்பான். எங்கள் வீட்டுச் சுவரில் புரொஜெக்டர் போட்டபோது பக்கத்து வீட்டு அக்கா அந்த இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். கத்தோலிக்க ஊரில் வளர்ந்தவர்களுக்குப் பேயைவிட இந்தக் காட்சிதான் நடுக்கம் தரும். பிரேசில் ரசிகனும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று நம்புகிறேன். அதனால் இதைத் தனியாகப் பார்க்காதீர்கள்.

அடுத்து அதன் தொடர்ச்சி, 1967இல் வந்தது. கறுப்பு வெள்ளையில் போகும் படம் நரகத்துக்குள் நுழைந்ததும் கலராகும். அந்த நரகம் பனியாகக் குளிரும். பெண்கள் மேல் ஊர்கிற சிலந்திகள் நிஜம். கடைசியில் நாத்திகன் ஜே கடவுளை ஏற்பதாக ஒரு வசனம் வரும். சென்சாரின் கட்டாயத்தால் சேர்த்தது அது. அந்த இடத்தில் நிறுத்தி, திரும்ப ஒருமுறை கேளுங்கள்.

இந்த இரண்டுக்கும் பிறகு 1967இன் 'கரையோரம்' பாருங்கள். இயக்கிய ஒசுவால்டோ காந்தேயாஸ் முன்னாள் லாரி டிரைவர். தியெத்தே ஆற்றங்கரையில் ஒண்டிக் கிடப்பவர்களைப் பற்றிய படம், பேச்சு குறைவு, மெதுவாகப் போகும், பொறுத்துப் பாருங்கள். ரொஜேரியோ ஸ்கான்ஸெர்லா தன் இருபதுகளின் தொடக்கத்தில் எடுத்த 'சிவப்பு விளக்குக் கொள்ளைக்காரன்' 1968. அந்தக் குப்பை வாய் வட்டாரமே அதில் களம்.

1970களுக்குப் போகும்போது ஒரு சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். தியேட்டர்கள் வருடத்தில் இத்தனை நாள் உள்நாட்டுப் படம் ஓட்டியே ஆக வேண்டியிருந்தது. 1980இல் அது 140 நாள். ஓட்டப் படம் வேண்டுமே! தியேட்டர்காரர்களே பணம் போட ஆரம்பித்தார்கள். அப்படிப் பெருகியதுதான் பொர்னோஷன்ஷாதா என்ற கவர்ச்சி நகைச்சுவை. போஸ்டரில் காட்டுவது அதிகம், படத்தில் இருப்பது குறைவு. இவற்றைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் போடாதீர்கள். பெண்ணை வதைப்பதைச் சிரிப்பாக்கும் காட்சிகள் பல உண்டு, அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

ஆனால் 1976இல் வந்த 'பகல்யாவ்' மட்டும் எங்கள் கடற்கரைக்காரர்கள் பார்க்கவே வேண்டியது. சுறா படமான ஜாஸைக் கிண்டல் செய்து எடுத்தது. கடற்கரையை மிரட்டுவது ஒரு ராட்சதக் காட் மீன், போர்ச்சுகீசியர்கள் உப்பிட்டு உலர்த்திச் சாப்பிடும் அதே மீன். நம்மூரில் எடுத்தால் கருவாடு வந்து கடிப்பதுபோல. ஹாலிவுட் சுறாவுக்குப் பணமில்லாதவர்கள் சமையலறையிலிருந்து பதில் சொன்னார்கள் என்றே எனக்குப் படுகிறது.

1982இல் அப்பட்டமான ஆபாசப் படம் வெளிப்படையாகத் தியேட்டருக்கு வந்தது. அதன் பிறகு பழைய கவர்ச்சிப் படத்துக்கு மவுசு போனது. போக்காவில் பலரும் அதற்கே மாறினார்கள், அந்தத் தெருவும் அடங்கியது. இந்தக் கட்டத்தை வாசித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு வேலை விஷயம். நம்ம ஊரில் மொட்டைமாடியில் திரை கட்டினால் ஆட்டம் முடிந்ததும் லென்ஸை மென்மையான துணியால் துடைத்துப் பையில் வையுங்கள். உப்புக்காற்றில் என் முதல் புரொஜெக்டர் ஒரே வருடத்தில் மங்கிப்போனது.

சவப்பெட்டி ஜேயின் மூன்றாவது படம் 2008இல்தான் வந்தது, நாற்பது வருடம் கழித்து. மாரின்ஸுக்கு அப்போது எழுபதுக்கு மேல். 2020இல் இறந்தார். அந்தப் படத்தை இரண்டாவதோடு சேர்த்து ஒரே ராத்திரியில் பார்த்துவிடாதீர்கள். நடுவில் ஒரு மாதமாவது விடுங்கள், அந்த முகத்துக்கு வயதானது அப்போதுதான் தெரியும்.