தினமும் ஓட்டும் காரோடு டிராக் டேக்குப் போகிறீர்களா? பிரேக் பேட் வாங்கும் முன்

டிராக் டே என்றால் சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள். காலிப்பரை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்கின் மேல் பேடை அழுத்தும் பாகம்) கழற்றுவது, பிஸ்டனை உள்ளே தள்ளுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். எந்த பேட் வாங்குவது, வாங்கியதை எப்படிப் பழக்குவது என்பதை மட்டும் பார்ப்போம்.

படி 1: பிரேக் ஆயில்

பேடைப் பற்றிக் கேட்டால் ஆயிலைப் பற்றிச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். டாட் 4 தரத்தில் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்கணும். நாளாக நாளாக ஈரம் இழுத்த ஆயிலுக்கு 155 இருந்தாலே அந்தத் தரம் போதும் என்கிறது. அதனால் பழைய ஆயிலோடு டிராக்கில் இறங்காதீர்கள்.

ஓட்டும்போது பெடல் தொளதொளவென்று உள்ளே போனால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் விறைப்பாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் பேட் சூடு தாங்கவில்லை. முதல் கோளாறுக்குப் பேட் மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் நிறைய.

படி 2: சூட்டு வரம்பு

பேட்டின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி என்று இரண்டு எழுத்து இருக்கும். முதலாவது குறைந்த சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. ஆனால் அந்த எழுத்தைக் கொடுக்கும் சோதனை சுமார் 340 டிகிரியோடு நின்றுவிடும். டிராக்கில் டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே எழுத்தை விடுங்கள், தயாரிப்பாளர் தரும் சூட்டு வரம்பைப் பாருங்கள். மேல் எல்லையைப் போலவே கீழ் எல்லையும் முக்கியம்: முழு ரேஸ் பேட் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. வீடு திரும்பும் வழியில் முதல் சிக்னலிலேயே அது புரியும்.

புதியவர்களுக்கு நான் சொல்வது, சாலைக்கும் டிராக்குக்கும் பொதுவாக விற்கும் நடுத்தர பேட்தான். கார் கனமானது, டயர் நன்றாகப் பிடிக்கும் வகை என்றால் ஒரு படி மேலே போங்கள். பின்சக்கரத்துக்கு மட்டும் கடுமையான பேட் வேண்டவே வேண்டாம். பின்சக்கரம் முதலில் லாக் ஆகி (உருளாமல் இறுகி) கார் சுழலும்.

படி 3: பெட்டிங் (புது பேடைப் பழக்குவது)

என்னை நெடுநாள் குழப்பியது இதுதான். பேட் தன் பொருளை டிஸ்க் மேல் மெல்லிய படலமாகப் படிய வைக்கும். பிடிப்பில் பெரும்பங்கு அந்தப் படலத்தால்தான். பழைய பேட்டின் படலம் மேல் வேறு வகை பேடைத் தேய்த்தால் திட்டுத்திட்டாகப் படியும், ஸ்டீயரிங் உதறும். "டிஸ்க் கோணிப்போச்சு" என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவை இந்தத் திட்டுகள்தான். பிரேக் கிளீனர் தெளித்தால் படலம் போகாது. உப்புத்தாளால் டிஸ்கின் இரு பக்கமும் தேயுங்கள், அல்லது புது டிஸ்க் போடுங்கள்.

பிறகு ஆளில்லாத பாதையில் மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 20 வரை இறக்குங்கள். மறுபடி வேகமெடுத்து மறுபடி இறக்குங்கள். எட்டு, பத்து தடவை, ஒவ்வொன்றும் முந்தையதை விட அழுத்தமாக. தீய்ந்த வாடை வரும், பயப்படாதீர்கள். நடுவில் முழுசாக நிறுத்தவே கூடாது: சூடான பேட் டிஸ்கை ஒரே இடத்தில் கவ்வினால் அங்கே தடம் பதிந்துவிடும். முடிந்ததும் பிரேக்கைத் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். பாக்கெட்டில் வேறு முறை போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

படி 4: டிராக்கில்

பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள். கடைசி லேப்பை (சுற்றை) மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். சூடு அளக்க இன்ஃப்ராரெட் கருவியை விட, டிஸ்க் ஓரத்தில் பூசும் வெப்பப் பெயின்டையே நம்புவேன்; பிட்டுக்கு (டிராக் ஓரத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு) வருவதற்குள் டிஸ்க் ஆறிவிடுகிறதே.

பின்சேர்க்கை: பேட் கத்துகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். டிராக் பேட் கத்தும், கரித்தூளும் கொட்டும். மெதுவாகப் போகும்போது மட்டும் கத்தினால் பெரும்பாலும் கவலை இல்லை. உலோகம் உரசுகிற மாதிரி இருந்தால் மட்டும் உடனே சக்கரத்தைக் கழற்றி பேட்டின் கனத்தைப் பாருங்கள்.