ஹைப்பரா, ஹைப்போவா? ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

ஜிப்மரிலோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ உள்நோயாளியாக இருந்து வீடு திரும்புவோரின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஹைப்பர் அல்லது ஹைப்போ என்று தொடங்கும் சொல் பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். இரண்டும் கிரேக்கத்திலிருந்து வந்த முன்னொட்டுகள். ஹைப்பர் என்றால் மேலே, அளவுக்கு மிஞ்சி. ஹைப்போ என்றால் கீழே, அளவுக்குக் குறைந்து. பொருள் நேரெதிர், காதுக்கோ ஏறக்குறைய ஒன்று. ஊரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ போனில் படித்துக் காட்டும்போது இரண்டும் மாறிப்போவது இதனால்தான்.

முதலில் எழுத்தைப் பாருங்கள். ஹெச், ஒய், பி மூன்றும் இரண்டுக்கும் பொது. அதற்குப் பிறகு ஈ, ஆர் வந்தால் ஹைப்பர். ஓ வந்தால் ஹைப்போ. கையெழுத்துச் சீட்டில் அந்த இடம் கிறுக்கலாக இருந்தால் ஊகிக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். அடுத்து உயிரெழுத்து வரும்போது ஹைப்போவின் கடைசி ஓ சில சொற்களில் ஒட்டிக் கரைந்துவிடும். திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாத நிலையை ஹைப்பாக்ஸியா என்பது அப்படி வந்தது. ஹைப்பருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்து சொல்லை மூன்றாக வெட்டுங்கள்: முன்னால் திசை, நடுவில் பொருள், கடைசியில் இடம். கடைசியில் "ஈமியா" என்று முடிந்தால் இரத்தத்தில். "யூரியா" என்று முடிந்தால் சிறுநீரில். நடுவில் "கிளைசி" என்றால் சர்க்கரை, "நேட்ர்" என்றால் சோடியம், "கால்சி" என்றால் கால்சியம், "லிப்பிட்" என்றால் கொழுப்பு. ஹைப்போ, கிளைசி, ஈமியா: இரத்தத்தில் சர்க்கரை குறைவு. ஹைப்பர், லிப்பிட், ஈமியா: இரத்தத்தில் கொழுப்பு அதிகம். பத்துப் பதினைந்து நடுத்துண்டுகள் பழகிவிட்டால் ரிப்போர்ட்டில் வரும் சொற்களில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

நடுத்துண்டில் அதிகம் குழப்புவது பொட்டாசியம். அதன் லத்தீன் பெயர் காலியம். அதனால் ஹைப்பர்கலீமியா என்றால் பொட்டாசியம் அதிகம். ஹைப்பர்கால்சீமியா என்றால் கால்சியம் அதிகம். ஆங்கிலத்தில் முன்னதில் கே, பின்னதில் சி. இதை மாற்றிப் படித்தால் சாப்பாட்டுக் கட்டுப்பாடே தப்பாகிவிடும். பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறக்கூடிய அவசரநிலை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரும் பண்ருட்டி பலாச்சுளையும் வாழைப்பழமும் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இவற்றிலுள்ள பொட்டாசியம். கோடையில் "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று வற்புறுத்திக் கொடுக்கும் உறவினர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. இன்னொன்று: இரத்தம் எடுக்கும்போதோ கொண்டுபோகும்போதோ சிவப்பணுக்கள் உடைந்துவிட்டால், உடம்பில் சரியாக இருக்கும் பொட்டாசியம் ரிப்போர்ட்டில் அதிகமாகக் காட்டும். அறிகுறியும் இல்லாமல், சிறுநீரகமும் நன்றாக இருந்து, எண் மட்டும் ஏறியிருந்தால் மருத்துவர் மறுபடி இரத்தம் எடுக்கச் சொல்வார். அதை வீண் செலவு என்று நினைக்க வேண்டாம்.

லேப் ரிப்போர்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஹெச் அல்லது எல் என்று தனி எழுத்து இருக்கும். ஹெச் என்றால் ஹை, எல் என்றால் லோ. அந்த ஹெச்சை ஹைப்பரின் ஹெச் என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் தைராய்டு விஷயத்தில் பெரிய பிழை நேர்கிறது. டிஎஸ்ஹெச் என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் அல்ல; மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி, தைராய்டை வேலை வாங்க அனுப்பும் ஹார்மோன். தைராய்டு மந்தமானால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக அனுப்பும். ஆக டிஎஸ்ஹெச் ஏறியிருந்தால், பக்கத்தில் ஹெச் போட்டிருந்தால், அது பெரும்பாலும் ஹைப்போதைராய்டு. டிஎஸ்ஹெச் தரைமட்டத்துக்கு இறங்கி தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 ஏறியிருந்தால்தான் ஹைப்பர். பெரும்பாலான லேப்களில் டிஎஸ்ஹெச்சின் இயல்பு அளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை. கர்ப்பிணிகளுக்கு அளவுகோல் வேறு. டிஎஸ்ஹெச்சை மட்டும் வைத்துக்கொண்டு மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது.

முன்னொட்டு திசையைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. இதற்கு நல்ல சான்று ஹைப்போநேட்ரீமியா. சோடியம் லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே போனதை வார்டில் "உப்பு குறைஞ்சிருக்கு" என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் கஞ்சியில் ஒரு கை உப்பு அள்ளிப் போடத் தோன்றும். ஆனால் பல பேருக்கு உடம்பில் உப்பு குறைந்ததில்லை, தண்ணீர் கூடி உப்பு நீர்த்துப்போயிருக்கும்; பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ கொடுத்த நீர் மாத்திரையும் காரணமாகலாம். இதய நோயாளிக்கு உப்பைக் கூட்டினால் மூச்சுத்திணறல் வரும். மருத்துவமனையில்கூட சோடியத்தை ஒரு நாளில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்ற மாட்டார்கள். வேகமாக ஏற்றினால் மூளை நரம்புகள் சேதமாகும்.

நர்ஸ்கள் வெறுமனே "ஹைப்போ ஆயிட்டார்" என்றால் சர்க்கரை குறைந்ததைத்தான் சொல்கிறார்கள். டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் ஹைப்போகிளைசீமியா. 54-க்குக் கீழே ஆபத்து. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தடுமாறிய பேச்சு வரும். நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கிட்டத்தட்ட 15 கிராம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட், பிஸ்கட் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். வோக்லிபோஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்குச் சாதாரண சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அது உடைந்து குளுக்கோஸ் ஆவதையே அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் கட்டாயம் இருக்க வேண்டும். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஒரு முறை ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம், தனியே விடாதீர்கள்.

மருந்துப் பகுதியில் "ஓரல் ஹைப்போகிளைசீமிக்" என்று இருப்பதைப் பார்த்து நோயாளிக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். அது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளின் வகைப்பெயர். சொல்லின் முன்னால் "ஆன்டி" ஒட்டியிருந்தால் பொருள் திரும்பிவிடும்: ஆன்டிஹைப்பர்டென்சிவ் என்பது உயர் இரத்த அழுத்தத்துக்கான மருந்து.

ஹைப்பர்டென்ஷனில் உள்ள டென்ஷன் மனப்பதற்றம் அல்ல. லத்தீன் சொல், இங்கே இரத்தக்குழாயில் உள்ள அழுத்தம். புதுச்சேரியில் பிரெஞ்சு பேசும் வீடுகளில் "தான்சியோன்" என்றால் பிரஷர்தான். அந்தப் பொருளே சரி. பிரெஞ்சு ரிப்போர்ட்டிலும் இதே முன்னொட்டுகள்தான், ஹெச் மட்டும் ஒலிக்காது: இப்பேர், இப்போ. "நான் டென்ஷனே ஆகமாட்டேன், எனக்கு எப்படி பிரஷர்?" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. 140/90-க்கு மேல் தொடர்ந்து இருந்தால், மனம் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் அது நோய்தான். அறிகுறி இல்லாமலே சிறுநீரகத்தையும் மூளையையும் கெடுக்கும்.

கோடையில் இன்னொரு சொல் உயிரைக் காக்கும். காய்ச்சலும் ஹைப்பர்தெர்மியாவும் ஒன்றல்ல. காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவை உயர்த்தி வைக்கிறது. பாராசிட்டமால் அதை இறக்கும். வெயிலில் வேலை செய்து 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, உளறல் வந்தால் அது ஹைப்பர்தெர்மியா, வெப்ப மயக்கத்தின் கடைசிக் கட்டம். அங்கே பாராசிட்டமால் பயன்படாது. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஹைப்போ வந்த இடமெல்லாம் குறைவு என்று பொருளல்ல. ஹைப்போதலாமஸ் என்பது தலாமஸுக்குக் கீழே உள்ள பகுதி. "வலது ஹைப்போகாண்ட்ரியத்தில் வலி" என்றால் வலது விலா எலும்புக்குக் கீழே, ஈரல் பக்கம் வலி. ஹைப்போடெர்மிக் ஊசி தோலுக்குக் கீழே போடுவது. ஆனால் கிருமிநாசினியான சோடியம் ஹைப்போகுளோரைட்டில், குளோரைட்டைவிட ஆக்சிஜன் குறைவு என்ற பொருளிலேயே வருகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இவை படத்தின் நிறத்தை மட்டும் சொல்லும். அல்ட்ராசவுண்டில் ஹைப்போஎக்கோயிக் என்றால் சுற்றியுள்ளதைவிடக் கருமையாகத் தெரிகிறது; ஹைப்பர்எக்கோயிக் என்றால் வெளுப்பாக. சி.டி.யில் ஹைப்பர்டென்ஸ் என்றால் வெள்ளை, ஹைப்போடென்ஸ் என்றால் கருமை. மூளை சி.டி.யில் புதிய இரத்தக்கசிவு வெள்ளையாகவும், அடைப்பால் செத்த பகுதி கருமையாகவும் தெரியும். இந்தச் சொற்களைத் தனியே பார்த்துக் கட்டி, புற்று என்று முடிவுகட்ட வேண்டாம். கடைசியில் "இம்ப்ரெஷன்" என்ற தலைப்பில் உள்ள இரண்டு மூன்று வரிகள்தான் மருத்துவரின் கருத்து. இதய ஸ்கேனான எக்கோவில் வரும் ஹைப்பர்ட்ரோஃபி தசை தடித்ததைக் குறிக்கும். புராஸ்டேட்டில் வரும் ஹைப்பர்பிளேசியா செல்களின் எண்ணிக்கை பெருகியதைக் குறிக்கும், அது புற்றுநோய் அல்ல.

போனில் சொல்லும்போது முன்னொட்டை மட்டும் நம்பாதீர்கள். "பொட்டாசியம், அதிகம், 5.8, மில்லிமோல், நேற்றுக் காலை எடுத்தது" என்று பொருள், திசை, எண், அலகு, தேதி எல்லாவற்றையும் சொல்லுங்கள். திசையைத் தமிழில் "அதிகம்", "குறைவு" என்றே சொல்லுங்கள். கேட்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்; ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாலும் இதை விட்டுவிட வேண்டாம்.