புல்வெட்டும் இயந்திரம் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல்தரைப் பராமரிப்பைத் தொழிலாகச் செய்பவருக்கு, அமர்ந்து ஓட்டும் புல்வெட்டும் இயந்திரம் பெரிய முதலீடு. கடைக்குள் நுழைந்ததும் குதிரைத்திறன் எவ்வளவு, வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு என்றுதான் பேச்சு தொடங்குகிறது. இவற்றுக்கெல்லாம் முன்னால், நாம் வெட்டப்போகும் புல்தரைகள் எப்படிப்பட்டவை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலை எழுதி, ஒவ்வோர் இடத்தின் பரப்பு, நுழைவாசலின் அகலம், சரிவு, மரங்களின் நெருக்கம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பிறகே கடைக்குப் போவது நல்லது. கீழே சொல்லும் தவறுகளில் பலவற்றை இந்த ஒரு தாளே தடுத்துவிடும்.

வீட்டு உபயோகத்துக்கான இயந்திரத்தைத் தொழிலுக்கு வாங்குவதுதான் அதிகச் செலவு வைக்கும் தவறு. விலை பாதிகூட இருக்காது, பார்வைக்கும் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வீட்டுக்காரர் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் ஓட்டுவார். தொழில்காரரின் இயந்திரம் அந்த நேரத்தை ஒரே காலையில் தாண்டிவிடும். இந்த வேறுபாடு முதலில் தெரிவது சக்கரங்களை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பில். பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தத்தோடு அனுப்ப, அந்த அழுத்தத்தில் மோட்டார் சுழன்று சக்கரத்தைத் திருப்புகிறது. வீட்டு மாடல்களில் இந்த அமைப்பு சிறியது. பலவற்றில் மூடி முத்திரையிடப்பட்டிருக்கும், எண்ணெய் மாற்ற வழியிருக்காது. நாள் முழுவதும் ஓடினால் எண்ணெய் சூடாகி நீர்த்துவிடும், உள்ளே தேய்மானம் கூடும், மேட்டில் ஏறும்போது இயந்திரம் சோர்ந்துபோகும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் பெரும்பாலும் முழு அலகையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தொழில்முறை இயந்திரத்தில் பம்பு பெரியது, குளிரூட்டும் விசிறியும் தனி எண்ணெய் பில்டரும் இருக்கும். குறிப்பிட்ட மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிக்கொள்ளலாம்.

பிளேடுகளை மூடியிருக்கும் டெக்கையும் பாருங்கள். மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி வடித்ததா, தடித்த தகடுகளை வெல்டிங் செய்ததா என்று கேளுங்கள். தகட்டின் கனத்தைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள். எண் குறைந்தால் கனம் கூடும். 7 கேஜ் ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர், 12 கேஜ் 2.7 மில்லிமீட்டர். பெரிய எண்ணைப் பார்த்துப் பலமானது என்று நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. உத்தரவாதப் பத்திரத்தையும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். வீட்டு மாடலைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் உத்தரவாதம் 90 நாள்களாகச் சுருங்கிவிடும் என்ற விதி பல நிறுவனங்களிடம் இருக்கிறது. சிலவற்றில் அதுவும் கிடையாது.

அடுத்தது, அகலமான டெக் என்றால் வேலை சீக்கிரம் முடியும் என்ற நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் 60 அங்குல டெக், அதாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், ஒரு மணி நேரத்தில் 15,000 சதுர மீட்டரை வெட்ட வேண்டும். திரும்புவது, முன்பு வெட்டிய தடத்தின் மேல் சற்றே ஏறிப்போவது, மரங்களைச் சுற்றுவது எல்லாம் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டால் 12,000 கிடைக்கும். 72 அங்குலத்துக்குப் போனால் மேலும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் திறந்த வெளியில் மட்டும். மேடுபள்ளமான தரையில் அகலமான டெக் மேட்டின் உச்சியைச் சுரண்டி மண்ணைக் காட்டிவிடும். தோட்ட வாசல் 48 அங்குலமாக இருந்தால் 60 அங்குல இயந்திரத்தால் அங்கே பயனே இல்லை. டெக்கின் அளவு என்பது வெட்டும் அகலம்தான். புல்லை வெளியேற்றும் பக்கவாட்டு மூடி அதற்கும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூடியை மடக்கிய நிலையில் இயந்திரத்தின் மொத்த அகலம் என்ன என்று கேளுங்கள்.

அந்த மூடியை மடக்குவது வாசலைக் கடப்பதற்கு மட்டும்தான். பிளேடு சுழலும்போது அது இறங்கியே இருக்க வேண்டும். தொழில்முறை இயந்திரங்களுக்கான அமெரிக்கத் தரநிலை பிளேடு நுனிக்கு அனுமதிக்கும் உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபட்ட கல் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சிறிய இடங்களும் நடுத்தர இடங்களும் கலந்திருக்கும் தொடக்கக்காரருக்கு 48 முதல் 52 அங்குலம் வரையிலான டெக்தான் பொருத்தம் என்பது என் கருத்து. எடையையும் மறக்க வேண்டாம். 60 அங்குலத் தொழில்முறை இயந்திரம் பெரும்பாலும் 550 முதல் 650 கிலோ வரை இருக்கும். டிரெய்லரும் அதன் சாய்தளமும் இழுக்கும் வண்டியும் அதைத் தாங்க வேண்டும்.

சரிவைப் பற்றிச் சற்று அழுத்தியே சொல்கிறேன், இங்கே இழப்பது உயிராக இருக்கலாம். நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் சீரோ டர்ன் இயந்திரங்களில் முன்சக்கரங்கள் தாமாகச் சுழல்பவை; திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்களால்தான் நடக்கின்றன. ஈரப்புல்லில் பின்சக்கரம் வழுக்கினால் ஓட்டுநரின் கையில் எந்தக் கட்டுப்பாடும் மிஞ்சாது. பல கையேடுகள் 15 பாகைக்கு மேல் ஓட்டக் கூடாது என்கின்றன, சில அதற்கும் குறைவாகச் சொல்கின்றன. 15 பாகை என்பது கிடையாக 10 மீட்டர் போவதற்குள் ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரும் சரிவு. கண்ணுக்கு அது அவ்வளவு செங்குத்தாகத் தெரியாது. கவிழ்ந்தால் காக்கும் வளைகம்பி நிமிர்ந்திருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். கம்பியை மடக்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது; போட்டால் கவிழும் இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டுவிடுவோம். குளக்கரையும் தடுப்புச்சுவர் விளிம்பும் உங்கள் பட்டியலில் இருந்தால், அந்தப் பகுதிக்குக் கையால் தள்ளும் கருவியையோ தொலைவிலிருந்து இயக்கும் கருவியையோ திட்டமிடுங்கள். அதற்கு வசதியில்லையென்றால் அந்த ஒப்பந்தத்தை விட்டுவிடுங்கள்.

குதிரைத்திறன் எண்ணுக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. பல நேரங்களில் அது எஞ்சினைத் தனியாக வைத்து அளந்தது. நல்ல காற்று பில்டரும், அடர்ந்த புல்லில் வேகம் தளராத முறுக்குவிசையும்தான் முக்கியம். பேட்டரி இயந்திரம் என்றால், விற்பவர் சொல்லும் ஓட்ட நேரம் மெல்லிய புல்லுக்கானதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல இருக்கை ஆடம்பரம் இல்லை; ஆண்டுக்கணக்கில் அதிர்வைத் தாங்கப்போவது ஓட்டுநரின் முதுகுத்தண்டு.

டீலரைப் பாராமல் இயந்திரத்தை மட்டும் பார்ப்பதும் தவறுதான். புல் வேகமாக வளரும் பருவத்தில் பிளேடுகளைச் சுழற்றும் பெல்ட் அறுந்து, அது வர ஒரு வாரம் ஆனால், சலுகை விலையில் மிச்சப்படுத்திய பணம் அந்த வாரத்திலேயே கரைந்துவிடும். பெல்ட், பிளேடு, பிளேடு பொருத்தப்பட்டுச் சுழலும் தண்டான ஸ்பிண்டில், பில்டர் ஆகியவை கையிருப்பில் இருக்கின்றனவா, பழுதின்போது மாற்று இயந்திரம் தருவார்களா என்று கேளுங்கள். சற்றுக் கூடுதல் விலை சொன்னாலும், உதிரிபாகம் வைத்திருக்கும் பக்கத்து டீலரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பழைய இயந்திரம் வாங்குவதில் தவறில்லை, மணிக்கணக்குக் காட்டும் மீட்டரை மட்டும் நம்பி வாங்குவதே தவறு. எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பிளேடை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்திருக்கிறது. டெக்கின் அடிப்பக்கத்தில் விரிசலும் துருவும் தேடுங்கள். பிறகு அரைமணி நேரமாவது ஓட்டிச் சூடாக்கி, மிதமான மேட்டில் ஏற்றுங்கள், ஏனென்றால் தேய்ந்த ஹைட்ராலிக் பம்பு குளிர்ந்திருக்கும்போது நன்றாகவே இழுக்கும். எஞ்சினுக்கு இதன் மறுபக்கம்: நீங்கள் போய்ச் சேரும்போதே அது சூடாக இருந்தால், ஆறும்வரை காத்திருந்து, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.