டெல்டா வயலில் இட்ட யூரியா கடலுக்குப் போகாமல் இருக்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மன்னார்குடிப் பக்கம் வயலில் வடித்துவிடும் தண்ணீர் பாமணியாறு, கோரையாறு வழியாக முத்துப்பேட்டைக் காயலுக்குப் போகிறது. கடல்நீரில் பாசி வளரப் பெரும்பாலும் தழைச்சத்துதான், அதாவது யூரியாவில் இருக்கும் நைட்ரஜன்தான், பற்றாக்குறை. அதை நாம் கொண்டுபோய்க் கொட்டினால் பாசி பெருகும். அது செத்து அழுகும்போது பாக்டீரியாக்கள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். உப்புநீரின் மேல் ஆற்றுநீர் தனி அடுக்காக நின்றுவிட்டால் அடியில் இருக்கும் நண்டுக்கும் இறாலுக்கும் மூச்சுவிட வழியிருக்காது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் 2017-இல் இப்படி ஆக்சிஜன் குறைந்த பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர் இருந்தது.

நம் வயல்களில் நடக்கும் பெரிய தவறு, மழை வரும் நேரத்தில் மேலுரம் (வளரும் பயிருக்குத் தூவும் உரம்) இடுவது. சம்பாவுக்கு மேலுரம் இடும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகவே வருகின்றன. யூரியா கரைந்தவுடன் மண்ணில் ஒட்டாது, தண்ணீர் போகும் பக்கமெல்லாம் போகும். நுண்ணுயிர்கள் அதை அமோனியமாக மாற்றிய பிறகுதான் களிமண் பிடித்து வைக்கும். அதற்குச் சில நாட்கள் வேண்டும். அதற்குள் வரப்பு வழிந்தாலோ வடிகாலைத் திறந்தாலோ உரம் வாய்க்காலில்தான். அதனால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டு மூட்டையைப் பிரியுங்கள். தேங்கிய தண்ணீரில் தூவாமல், சேறு தெரியும் அளவுக்குச் சுண்டவிட்டுத் தூவி, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். அப்புறம் சில நாட்கள் வடிகாலைத் திறக்க வேண்டாம்.

"வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே, ஓடாது" என்று நம்புவதும் தவறு. அந்தப் பூச்சு, மண்ணில் அமோனியமானது நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். தூவிய அன்றே கொட்டும் மழையை அது தடுக்காது.

அடுத்தது, பயிர் கருகருவென்று இருந்தால்தான் திருப்தி என்ற எண்ணம். 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைப்பதால் கை தாராளமாகிவிடுகிறது. இட்ட தழைச்சத்தில் நெல் எடுத்துக்கொள்வது பாதிகூட இல்லை. மீதியில் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போகிறது, ஒரு பங்கு தண்ணீரோடு போகிறது. வயலில் மிஞ்சுவது புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் சாய்ந்த பயிரும்தான்.

எப்போது உரம் இடுவது என்று அறிய இலை வண்ண அட்டை போதும்; வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை எண்ணிட்ட வண்ணப் பட்டைகள் அதில் இருக்கும். நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலையில், உங்கள் நிழல் இலைமேல் விழும்படி நின்று, நன்கு விரிந்த மேல் இலையை அட்டையோடு ஒப்பிடுங்கள். பத்து இலைகளில் ஆறு, 4-ஆம் எண்ணைவிட வெளுத்திருந்தால் மட்டும் உரம் இடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3-ஆம் எண். சம்பா, தாளடிக்கு ஒருமுறை இட வேண்டியது ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியாதான்.

பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுதவர்களும் தொழுவுரம் போட்டவர்களும் அதிலிருந்து வரும் தழைச்சத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அட்டையைப் பார்த்து உரம் இட்டால் அந்தக் கணக்கு தானாகவே சேர்ந்துவிடும். இலை பச்சையாக இருக்கும் வாரத்தில் மூட்டையைத் தொட வேண்டியதில்லை.