முதல் தரம் ஒரு பி.ஏ வைக்கப் போறியளோ?

யாழ்ப்பாணத்தில கொக்குவில்ல வீட்டுப் பிளான் கீறிக் குடுக்கிற சின்ன ஒபிஸ் ஒண்டு வச்சிருக்கிறன், கஸ்டமர்மாரில முக்கால்வாசி கனடா, லண்டன், சுவிஸ். பகல் முழுக்க சைற்றில நிண்டிட்டு இரவு பத்து மணிக்குப் பிறகு வட்ஸ்அப்புக்கு மறுமொழி அடிச்சு அடிச்சே காலம் போச்சு, கடைசியா ஒரு எக்செக்கியூட்டிவ் அசிஸ்டன்ற் வச்சன், எங்கட பேச்சில பி.ஏ. அதில பட்டதைத்தான் எழுதுறன்.

முதல் வேலை ஆள் தேடுறது இல்லை. ஒரு சி.ஆர் கொப்பி வாங்கி, ஒரு கிழமைக்கு நீங்கள் செய்யிற சில்லறை அலுவல் எல்லாத்தையும் வந்த வந்த படி எழுதுங்கோ. அப்ரூவலுக்குக் குடுத்த பிளான் பைல் பிரதேச சபையில எங்க நிக்குதெண்டு கேட்ட கோல், மேசன் வரேல்லை எண்டு வந்த கோல், பில் தேடினது, மாமாவுக்கு கொழும்பு பஸ்ஸுக்கு சீற் புக் பண்ணினது, எல்லாம். பிறகு ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில "இதுக்கு நான்தான் வேணுமோ?" எண்டு கேட்டுப் பாருங்கோ. வேண்டாம் எண்டதெல்லாம் கூட்டினா ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வருதெண்டா ஆள் வையுங்கோ, அரை மணித்தியாலம்தான் எண்டா கலண்டரை ஒழுங்கா பாவிச்சாலே காணும், வீணா சம்பளம் குடுக்காதேங்கோ.

ஆள் தேடுறியள் எண்டு வெளியில தெரிஞ்ச உடனே பெரியம்மான்ர பக்கத்தால ஒரு பிள்ளை, சித்தப்பான்ர பக்கத்தால ஒரு பிள்ளை எண்டு வரும். கெட்டிக்காரப் பிள்ளையளாவும் இருக்கலாம், ஆனா பிழை விட்டா பேசேலாது, நிப்பாட்டவும் ஏலாது, கலியாணவீட்டில முகம் பாக்கவேணும். நான் மறுத்ததுக்கு இண்டைக்கும் ஒரு மாமி கதைக்கிறதில்லை.

சேர்டிபிகேற்றைப் பாத்து நான் எடுக்கேல்லை. ஒரு கஸ்டமர் அனுப்பின ஏழு நிமிச வொயிஸ் மெசேஜை, பேர் விலாசம் ஒண்டும் தெரியாமல் நானே திருப்பிப் பேசி ரெக்கோட் பண்ணி வச்சன். அதில அவர் கிணத்தைப் பற்றித் தொடங்கி, தம்பியோட காணிச் சண்டைக்குப் போய், நடுவில "அந்தப் படி கிழக்கால வரட்டும்" எண்டு ஒரு சொல்லுச் சொல்லிட்டு, திரும்பவும் சண்டைக்குப் போவார். இதைக் கேட்டு என்ன செய்யவேணும், எப்பக்கிடையில, அவருக்கு என்ன மறுமொழி எண்டு எழுதித் தாங்கோ எண்டு கேட்டன், வந்த மூண்டு பேருக்கும் அரை நாள் காசு குடுத்துத்தான். ரெண்டு பேர் வடிவான இங்கிலிஷில கிணத்தைப் பற்றி எழுதிச்சினம். ஒரு பிள்ளை மட்டும் "படியை மாத்தினா பிளானைத் திரும்பவும் சபைக்குக் குடுக்கவேணுமோ அண்ணா?" எண்டு கேட்டா. அவாவைத்தான் எடுத்தன்.

சம்பளம் பேசேக்க கையில குடுக்கிறதை மட்டும் யோசிக்காதேங்கோ. ஊழியர் சேமலாப நிதிக்கு அவாட சம்பளத்தில 8 வீதம் கழிபடும், நீங்கள் 12 வீதம் போடவேணும், நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம் உங்கட கையால. 60,000 சம்பளம் எண்டா உங்களுக்குச் செலவு 69,000. 1954ஆம் ஆண்டின்ர கடை, காரியாலயச் சட்டப்படி கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் சாதாரண வேலை நேரம், போயாவுக்கு, அதுதான் பௌர்ணமிக்கு, லீவு. ஒரு ஆள்தானே எண்டு நியமனக் கடிதம் குடுக்காமல் விடாதேங்கோ.

பாஸ்வேர்டைத் துண்டில எழுதிக் குடுக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட நிறைய. வேண்டாம். ஜிமெயில்ல டெலிகேற் எண்டு ஒரு ஆளைச் சேக்கலாம், அவா உங்கட மெயிலை வாசிக்கலாம், மறுமொழி போடலாம், பாஸ்வேர்டை மாத்தேலாது. கலண்டரையும் அப்பிடியே ஷெயார் பண்ணலாம். பாங்க் ஓ.ரி.பி மட்டும் ஒருநாளும் குடுக்காதேங்கோ, அது நம்பிக்கைப் பிரச்சினை இல்லை, நாளைக்குக் காசில ஒரு பிழை வந்தா அந்தப் பிள்ளையில பழி விழக்கூடாது.

இனி, நான் சறுக்கின இடம். "வியாழன் அஞ்சு மணிக்கு ரொறன்ரோ அண்ணையோட மீற்றிங், ஒவ்வொரு கிழமையும் போடும் பிள்ளை" எண்டு சொல்லிட்டுச் சைற்றுக்குப் போட்டன். அவாவும் போட்டா. நவம்பர் முதல் ஞாயிறு அங்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வச்சிட்டினம், ஒன்பதரை மணித்தியால வித்தியாசம் பத்தரையாப் போச்சு, காலமை ஏழரைக்குக் கதைக்கிற மனுசனை நாங்கள் ஆறரைக்கு நித்திரையால எழுப்பினம். எனக்கு வந்த கோவத்தில அடுத்த ரெண்டு கிழமை கலண்டரை நானே திரும்பவும் எடுத்துப் பாத்தன், அதுதான் பெரிய பிழை, அவா சும்மா இருந்தா, நான் இரவு பத்து மணிக்குத் திரும்பவும் வட்ஸ்அப்பில. பிழை என்னில, "அஞ்சு மணி" எண்டன், ஆற்ற அஞ்சு மணி எண்டு சொல்லேல்லை. இப்ப மீற்றிங்கை கஸ்டமர்ன்ர ஊர் நேரத்தில போடுறா, கலண்டர் தானா மாத்திக்கொள்ளும். மார்ச்சில இன்னும் கவனம், ரொறன்ரோ ரெண்டாம் ஞாயிறு மாத்தும், லண்டன் கடைசி ஞாயிறு.

அலுவலைக் குடுக்கேக்க துண்டு துண்டாக் குடுக்காதேங்கோ. "சபைக்கு ஒரு கோல் எடும்" எண்டு சொல்லாமல் "இந்தப் பைல் அப்ரூவலாகி வரும்வரைக்கும் உம்மட பொறுப்பு, ஏதும் காசு சம்பந்தப்பட்டா மட்டும் என்னைக் கேளும்" எண்டு சொல்லுங்கோ. காலமை ரீ குடிக்கேக்க பதினஞ்சு நிமிசம் இருந்து கதையுங்கோ, பிறகு பகலில பத்துத் தரம் கோல் எடுக்கத் தேவையில்லை. பிழை விட்டா தனியக் கூப்பிட்டுச் சொல்லுங்கோ, மேசன்மாருக்கு முன்னால சொல்லாதேங்கோ.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டுச் சனம் எல்லாம் ஊரில நிக்கும், எங்களுக்கு அதுதான் உச்ச வேலை, அந்தப் பிள்ளைக்கும் கோயிலுக்குப் போகவேணும். தேருக்கும் தீர்த்தத்துக்கும் லீவு எண்டு முதலே பேசி வச்சதால அவா எந்த அலுவலை எப்பிடிச் செய்யிறதெண்டு அந்தச் சி.ஆர் கொப்பியிலேயே எழுதி வச்சிட்டுப் போனா. கொப்பி இப்ப அவாட மேசையிலதான் கிடக்கு, நான் எடுக்கிறதெண்டாலும் கேட்டிட்டுத்தான் எடுக்கிறது.