சாலையோர நடுகற்கள்: அக்கறையில் செய்துவிடும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் கிராமச் சாலையோரம், புளியமரத்தடியிலோ ஏரிக்கரையிலோ, வில்லும் வாளும் ஏந்திய வீரன் செதுக்கிய பலகைக்கல் நிற்பதைப் பார்க்கலாம். பல ஊர்களில் அவர் வேடியப்பன் சாமி. கவர்ந்து போன தொறுவை, அதாவது கால்நடைக் கூட்டத்தை, மீட்கப் போய் விழுந்தவனுக்கும், புலியோடு பொருது மாண்டவனுக்கும் ஊரார் எடுத்த நடுகல் அது. செங்கம் வட்டாரக் கற்கள் பலவற்றில் பல்லவர் கால வட்டெழுத்தும், அதாவது தமிழ் எழுதிய பழைய எழுத்துமுறையும், உண்டு. அந்த எழுத்தைக் காப்பாற்ற வருகிறவர்களே அறியாமல் அதை அழித்துவிடுவதுதான் வேதனை.

முதல் தவறு, எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸையோ மாவையோ தேய்ப்பது. தேய்ந்த கல்லில் எது கீறல், எது வெடிப்பு என்பதே கேள்வி. சாக்பீஸ் பிடித்தவர் தாம் ஊகித்ததைக் கோடாக்கிவிடுகிறார். பிறகு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்த ஊகமே எழுத்தாகத் தெரியும். மாவு எறும்பையும் பூஞ்சையையும் கொண்டுவரும். இதெல்லாம் தேவையே இல்லை, பக்கவாட்டு வெளிச்சம் போதும். காலை வெயில் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு விழும் நேரத்தில் படம் எடுங்கள். இல்லையென்றால் இருட்டியபின் டார்ச்சைக் கல்லின் பரப்பையொட்டிச் சாய்த்துப் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு பக்கத்திலிருந்தும் தனித்தனியே எடுங்கள். நேரெதிர் ஃப்ளாஷ் எழுத்தின் நிழலைத் தின்றுவிடும். ஓர் அளவுகோலைக் கல்லோரம், எழுத்தை மறைக்காமல் வையுங்கள்.

கழுவுவதாக இருந்தால் வெறும் தண்ணீரும் மென்மையான நார்ப் பிரஷும் மட்டும். கம்பிப் பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் மூன்றும் கூடாது. மேல்தோல் செதிள் செதிளாக உரியும் கல்லைத் தொடவே வேண்டாம்.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைத் தாளில் மையால் ஒற்றிப் படியெடுப்பது. அதில் அவசரப்படுவோர் பலர். நனைத்த தாளைக் கல்லின் மேல் விரித்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் காற்றை வெளியேற்றி, பிரஷால் மெல்லத் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஈரம் வடியும்வரை காத்திருந்து, மை தோய்த்த துணிப்பொதியை ஏறக்குறைய உலர்ந்த நிலையில் ஒற்ற வேண்டும். மை அதிகமானால் தாளைத் தாண்டிக் கல்லில் இறங்கும். அந்தக் கறை போகாது. உச்சி வெயிலிலும் பலத்த காற்றிலும் தாள் பாதியிலேயே எழும்பிவிடும். பழகியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் செய்யாதீர்கள்.

ஊர்க்காரர்கள் செய்வதில் மிகவும் கெடுதலானது சிமென்ட் மேடை. வீரனின் காலடியில் செதுக்கிய கெண்டியும் (மூக்கு வைத்த நீர்க்கலம்), பக்கவாட்டில் இறங்கிவரும் கடைசி வரிகளும் சிமென்ட்டுக்குள் போய்விடும். பெயின்ட் அடித்தால் கல்லின் ஈரம் வெளியேற வழியின்றி உப்பு உள்ளே சேர்ந்து, மேல்பரப்பைத் தள்ளி உரிக்கும். வழிபாட்டை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. விளக்கை ஒரு கை தூரம் தள்ளி வைக்கவும், மேடையைக் கல்லைத் தொடாமல் கட்டவும் கேட்டுக்கொள்ளலாம். சாத்திய துணியைப் பூசாரியே விலக்கட்டும்.

வாசிப்பிலும் வழுக்குவது எளிது. செங்கம் பகுதி எடுத்தனூர்க் கல் ‘கோவிசைய மயீந்திரபருமற்கு’ என்று தொடங்குகிறது. ‘கோ விசைய’ என்பது அடைமொழி, அரசன் மகேந்திரவர்மன். விசையன் என்றொரு மன்னனைக் கண்டுபிடித்துவிடாதீர்கள். அதில் வரும் முப்பத்து நான்கு என்பது அவனது ஆட்சியாண்டு. அந்தக் கல்லில் வீரனோடு அவன் நாய்க்கும் இடம் உண்டு, கோவிவன் என்ற பெயரோடு. ஓரெழுத்தைத் தவறாகப் படித்திருந்தால் அந்தப் பெயர் நமக்குக் கிடைத்திருக்காது.

உருவத்தை வைத்து அவசரமாக முடிவு கட்டாதீர்கள். தன் கழுத்திலேயே வாளை வைத்திருப்பவன் நவகண்ட வீரன், அதாவது தன்னையே பலி கொடுத்துக்கொண்டவன். திரிசூலம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கோயில் நில எல்லைக்கல். பழைய மைல்கற்கள் சிலவற்றில் தமிழ் எண்கள் உண்டு. ௰௨ என்றால் பன்னிரண்டு.

கல்லை இடம் மாற்றினால் அது எந்த ஏரிக்கு, எந்த வழிக்கு, எந்த ஊருக்கு உரியது என்ற செய்தி போய்விடும். ஊர், வட்டம், சர்வே எண், கல் பார்க்கும் திசை, தரைக்கு மேல் உள்ள உயரம், அகலம், தடிமன் எல்லாவற்றையும் குறியுங்கள். துல்லியமான இருப்பிடத்தை முகநூலில் போடாதீர்கள். கல்லுக்கடியில் புதையல் இருப்பதாக நம்பித் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் அடியைத் தோண்டிப் பார்க்காதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

சாலை அகலப்படுத்தும் வேலை வருகிறது என்றால் பொக்லைன் வந்தபின் ஓடாதீர்கள். அளவுக்கல் நடும்போதே படங்களோடு கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர், தொல்லியல் துறை மூவருக்கும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.