மனதில் ஓடுவதை எழுதி வைப்பது எப்படி

வாழ்க்கை, மனிதர்கள், செய்கிற வேலை என்று மனதில் ஏதேதோ ஓடிக்கொண்டே இருக்கிறது, அதையெல்லாம் எழுதி வைக்க வேண்டும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. நோட்டு வாங்குவோம், பத்து நாள் எழுதுவோம், அப்புறம் நின்றுவிடும். எனக்கு மூன்று முறை அப்படி நின்றுபோய், நாலாவது முறைதான் நிலைத்தது.

முதலில், தோன்றிய உடனே எழுதுங்கள். எபிங்காஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி மெதுவாக வருவதில்லை, முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. ராத்திரி எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த எண்ணத்தின் சாயல்தான் மிஞ்சும். நாலு வார்த்தை போதும், போனிலோ துண்டுக் காகிதத்திலோ.

அடுத்தது, முடிவை எழுதாதீர்கள், நடந்ததை எழுதுங்கள். நான் ஒருநாள் "மனிதர்கள் நன்றி மறப்பவர்கள்" என்று எழுதி வைத்தேன். ஒரு மாதம் கழித்துப் படித்தால் அதில் ஒன்றுமே இல்லை, யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வரி. உண்மையில் நடந்தது வேறு: நண்பனின் வேலை ஒன்றை இரவு முழுக்க உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன், மறுநாள் அவன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நானோ அவன் ஏதாவது சொல்வானா என்று சாயங்காலம் வரை காத்துக்கொண்டிருந்தேன். இப்படி எழுதியிருந்தால் அவனைப் பற்றி மட்டுமல்ல, காத்திருந்த என்னைப் பற்றியும் தெரிந்திருக்கும். உதவி செய்துவிட்டு உள்ளுக்குள் கணக்குப் போடுகிறோமே, எழுத வேண்டிய விஷயம் அதுதான்.

இதில் கஷ்டமான இடம் ஒன்று இருக்கிறது. நமக்குச் சாதகமானது தானாக நினைவில் நிற்கும், பாதகமானது நழுவிவிடும். சார்லஸ் டார்வின் தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ வந்தால் அதை உடனே, தவறாமல் குறித்து வைப்பதைப் பல வருடங்கள் விதியாகவே வைத்திருந்தார். அப்படிப்பட்டவைதான் சீக்கிரம் மறந்துபோகும் என்று அனுபவத்தில் கண்டவர் அவர். அறிவியலுக்கே அது தேவை என்றால் சொந்த வாழ்க்கைக்குக் கேட்கவா வேண்டும்! ஒருவரோடு சண்டை போட்டு வந்தால், அவர் சொன்னதில் எது சரி என்பதை முதலில் எழுதுங்கள். கை ஓடாது, பரவாயில்லை, ஒரு வரியாவது எழுதுங்கள்.

எழுதியதை ஆறப்போடுங்கள், குறைந்தது ஒரு மாதம். திரும்பப் படிக்கும்போது கூச்சமாக இருக்கிறது என்று கிழிக்கவோ திருத்தவோ வேண்டாம். இப்போது என்ன தோன்றுகிறதோ அதைத் தேதி போட்டுக் கீழே சேருங்கள்.

கட்டுரையாகவோ கதையாகவோ ஆக்க நினைத்தால், ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு குறிப்புகளைத் தேடி எடுங்கள். தனிமை பிடிக்கும் என்று ஒரு பக்கத்தில் இருக்கும், யாரும் கூப்பிடவில்லையே என்ற வருத்தம் இன்னொரு பக்கத்தில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றை இன்னொன்றால் சமாதானப்படுத்தாமல் எழுதிப் பாருங்கள், எழுத்து அங்கேதான் உயிர் பிடிக்கும்.

வெளியிடுவதற்கு முன், அதில் வருகிற மனிதரிடம் படித்துக் காட்ட முடியுமா என்று யோசியுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் அது நோட்டிலேயே இருக்கட்டும்.